ஆன்சிபிள் கற்க சர்வர் எதற்கு? லேப்டாப்பே போதும்

பெங்களூரு மடிவாளாவில் எங்கள் பிஜியில் என்னோடு ரூமில் இருக்கும் தம்பி திருநெல்வேலிப் பக்கம். சப்போர்ட் வேலையிலிருந்து அவனை டெவாப்ஸ் டீமுக்கு மாற்றப் போகிறார்கள், அதற்குள் ஆன்சிபிள் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று மேலே இருப்பவர் சொல்லிவிட்டாராம். பயல் உடனே கிளவுடில் கணக்குத் தொடங்க டெபிட் கார்டை எடுத்துவிட்டான். "அதெல்லாம் எதுக்குடா, உன் லேப்டாப்பும் ஒரு மிஷின்தானே" என்று தடுத்தேன். மறுநாள் சாயங்காலம் நான் சில்க் போர்டு சிக்னலில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டு நிற்க, அவன் ரூமில் உட்கார்ந்து நான் போனில் சொல்லச் சொல்லத் தட்டினான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளையும் போனில் சொன்ன மாதிரியே தமிழில் போட்டிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஆன்சிபிள் என்ன என்று இரண்டு வரி. 2012இல் மைக்கேல் டிஹான் வெளியிட்டது, பைத்தானில் எழுதியது, 2015இல் ரெட் ஹாட் வாங்கியது. ஒரு மிஷின் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால், இப்போது அது எப்படி இருக்கிறது என்று பார்த்து, குறைவதை மட்டும் செய்யும். வழக்கமாக எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக இன்னொரு மிஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகத் தூரத்து மிஷின்களுக்குப் போய்ச் செய்யும், ஆனால் தான் ஓடும் மிஷினிலேயே செய்யவும் அதற்குத் தெரியும். இதே வேலைக்கான பப்பெட், சால்ட் போன்ற கருவிகளிலும் இப்படி லோக்கலாக ஓட்ட வழி உண்டு. புதிதாக வருபவருக்கு ஆன்சிபிள்தான் சுலபம் என்பது என் எண்ணம்.

நிறுவுவது

உபுண்டு என்றால் அதன் பேக்கேஜ் நிறுவியான ஆப்ட் வைத்து இரண்டே வரி:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆன்சிபிள்

விண்டோஸில் ஆன்சிபிளை நேராக ஓட்ட முடியாது, டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் உபுண்டுவில் இதையே செய்யுங்கள். பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வைத்துப் போடப் போனால் உபுண்டு 23.04இலிருந்து, இது ஆப்ட் பார்த்துக்கொள்ளும் இடம், இங்கே கை வைக்காதே என்று மறுத்துவிடும். அப்போது ஒவ்வொன்றையும் தனி இடத்தில் போடும் பிப்எக்ஸ்தான் வழி. அந்தத் தடையை மீறுவதற்கும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதை நான் சொல்லித் தரமாட்டேன்.

உயிரோடு இருக்கிறதா?

ஆன்சிபிள் லோக்கல்ஹோஸ்ட் -எம் பிங்

பச்சையில் ஒரு பதில் வரும், அதில் 'பாங்' என்று இருக்கும். இது நெட்வொர்க் பிங் இல்லை. மிஷினுக்குள் போக முடிகிறதா, அங்கே பைத்தான் ஓடுகிறதா என்று பார்ப்பது. கூடவே இன்வென்டரி (மிஷின்களின் பட்டியல்) காலியாக இருக்கிறது, லோக்கல்ஹோஸ்ட், அதாவது இந்த மிஷின், மட்டும்தான் இருக்கிறது என்று ஓர் எச்சரிக்கையும் வரலாம். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியதும் அது ஒன்றுதானே.

பிளேபுக்

மிஷின் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்புக்குத்தான் பிளேபுக் என்று பெயர். ஒரு ஃபோல்டரில் 'லேப்டாப்' என்ற பெயரில் ஒய்எம்எல் கோப்பு ஒன்று திறந்து இப்படி எழுதுங்கள்:

- ஹோஸ்ட்ஸ்: லோக்கல்ஹோஸ்ட்
  கனெக்ஷன்: லோக்கல்
  டாஸ்க்ஸ்:
    - நேம்: வேண்டிய சாமான்கள்
      பிகம்: ட்ரூ
      ஆப்ட்:
        நேம்: [கிட், எச்டாப், ஃபான்ட்ஸ்-லோஹித்-டமல்]
        ஸ்டேட்: பிரசென்ட்
    - நேம்: எடிட்டர் விம்
      லைன்இன்ஃபைல்:
        பாத்: ~/.பாஷ்ஆர்சி
        லைன்: எக்ஸ்போர்ட் எடிட்டர்=விம்

(கடைசி வரியில் 'எடிட்டர்' மட்டும் பெரிய எழுத்தில். பாஷ்ஆர்சி என்பது டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் செட்டிங் கோப்பு. மூன்றாவது பேக்கேஜ் தமிழ் எழுத்துரு. அதன் கடைசித் துண்டு டி, ஏ, எம், எல்.)

வரிகளின் உள்தள்ளல் எல்லாம் ஸ்பேஸ், டேப் விசை கூடாது. யாமலுக்கு (இந்த ஒய்எம்எல் கோப்பின் எழுத்துமுறை) டேப் என்றாலே ஆகாது, அது காட்டும் பிழை சில சமயம் தப்பு நடந்த வரிக்கு அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். ஒரு வரி மேலேயும் சேர்த்துப் பாருங்கள்.

'பிகம்' என்பது சூடோ மாதிரி, ரூட்டாக (மிஷினில் முழு அதிகாரம் உள்ள பயனர்) மாறிச் செய் என்று அர்த்தம். அதை ஏன் முதல் டாஸ்க்கில் மட்டும் வைத்திருக்கிறேன் தெரியுமா? முதன்முதலில் நான் அதை மேலேயே, மொத்தத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். எல்லாம் பச்சையும் மஞ்சளுமாக அழகாக ஓடியது, ஆனால் புது டெர்மினல் திறந்தால் என் செட்டிங் எதுவும் இல்லை. அரை மணி நேரம் தேடிய பிறகுதான் புரிந்தது: ரூட்டாக மாறிய பிறகு அந்த '~' குறி என் வீட்டைக் காட்டாது, ரூட்டின் வீட்டைக் காட்டும். நான் சேர்த்த வரி எல்லாம் ரூட்டின் பாஷ்ஆர்சியில் சமத்தாக உட்கார்ந்திருந்தது. பேக்கேஜ் போட மட்டும் பிகம், உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு வேண்டாம்.

ஓட்டுவது

முதலில் ஒத்திகை:

ஆன்சிபிள்-பிளேபுக் லேப்டாப்.ஒய்எம்எல் -கே --செக் --டிஃப்

இந்த 'கே' பெரிய எழுத்து. சூடோ கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதற்கு அது. விட்டுவிட்டால் கடவுச்சொல் இல்லை என்று நின்றுவிடும். 'செக்' எதையும் தொடாமல், என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும். 'டிஃப்' கோப்பில் எந்த வரி கூடும், எது குறையும் என்று காட்டும். திருப்தி என்றால் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு நிஜமாக ஓட்டுங்கள். கடைசியில் 'பிளே ரீகேப்' என்று ஒரு வரி வரும்: ஓகே=3, சேஞ்சுடு=2. எழுதியது இரண்டு டாஸ்க்தானே, மூன்று எப்படி என்று தம்பி கேட்டான். மிஷினைப் பற்றிய விவரங்களை ஆன்சிபிள் முதலில் தானாகவே சேகரிக்கும், அது ஒன்று.

இப்போது எதையும் மாற்றாமல் இன்னொரு தடவை ஓட்டுங்கள். சேஞ்சுடு=0 என்று வர வேண்டும். ஷெல் ஸ்கிரிப்டில் இதையே எக்கோ போட்டு எழுதியிருந்தால் ஓட்டும்போதெல்லாம் பாஷ்ஆர்சியில் அதே வரி ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயிருக்கும். லைன்இன்ஃபைல் அந்த வரி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். என்னைக் கேட்டால், இந்தப் பூஜ்யம் வரும்வரை பிளேபுக் முடியவில்லை. ஆப்ட், லைன்இன்ஃபைல் மாதிரி ஒரு வேலைக்கான துண்டுக்கு மாட்யூல் என்று பெயர். கட்டளையை அப்படியே ஓட்டும் 'ஷெல்' மாட்யூலை வைத்து எழுதினால் பூஜ்யம் லேசில் வராது, ஏனென்றால் உள்ளே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் மாற்றினேன் என்றே சொல்லும். அந்த வேலைக்கென்று தனி மாட்யூல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கமா கதை

தம்பி நான் சொன்னதை விட்டுவிட்டு எங்கிருந்தோ ஒரு பிளேபுக்கை எடுத்து ஒட்டியிருந்தான். அதில் ஹோஸ்ட்ஸ் என்ற இடத்தில் 'ஆல்' என்று இருந்தது. ஓட்டினால், பொருந்தும் மிஷின் ஒன்றும் இல்லை என்று தாண்டிப் போய்விட்டது. இன்வென்டரி இல்லாமல் தானாகக் கிடைக்கும் லோக்கல்ஹோஸ்ட் 'ஆல்' என்பதில் சேராது. சரி, மிஷினை நாமே கொடுத்துவிடலாம் என்று இதைச் சொன்னேன் (இங்கேயும் 'கே' பெரிய எழுத்து):

ஆன்சிபிள்-பிளேபுக் -ஐ லோக்கல்ஹோஸ்ட், -சி லோக்கல் லேப்டாப்.ஒய்எம்எல் -கே

"அண்ணே, அப்பவும் அதேதான் வருது." மூன்று தடவை சொல்லியும் அதேதான். கடைசியில் திரையில் இருப்பதை எழுத்து எழுத்தாகப் படிடா என்றேன். லோக்கல்ஹோஸ்டுக்குப் பிறகு நான் சொன்ன கமாவை அவன் தட்டவே இல்லை, நான் மூச்சு விடுவதற்குச் சொல்கிறேன் என்று நினைத்தானாம்! அந்தக் கமா இருந்தால்தான் இது மிஷின்களின் பட்டியல் என்று ஆன்சிபிள் புரிந்துகொள்ளும். இல்லாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடும். '-சி லோக்கல்' விட்டுப்போனால் அது வேறு கூத்து, தன் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு எஸ்எஸ்எச் வழியாக வாசல் கதவைத் தட்டும்.

644

கோப்பு அனுமதி கொடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். காப்பி மாட்யூலில் கிட்டின் செட்டிங் கோப்பான கிட்கான்ஃபிக்கை வைக்கும்போது தம்பி 'மோட்: 644' என்று மொட்டையாக எழுதினான். அடுத்த நிமிஷம் கிட், தன் கான்ஃபிக்கைப் படிக்க அனுமதி இல்லை என்று அழுதது. 644 என்று எழுதினால் யாமல் அதைச் சாதாரணப் பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும், அதை எட்டடிமானத்துக்கு மாற்றினால் 1204. அதாவது கோப்பின் சொந்தக்காரர் எழுதலாம் ஆனால் படிக்க முடியாது, கோப்பின் குழுவுக்கு ஒன்றும் கிடையாது, ஊரில் மற்றவர்கள் எல்லாரும் படிக்கலாம். எப்போதும் மேற்கோள்குறிக்குள் '0644' என்று எழுதுங்கள்.

அப்புறம், எச்டாப் வேண்டாம் என்று அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு ஓட்டினான். எச்டாப் இருந்த இடத்திலேயே இருந்தது. பிளேபுக்கில் இல்லாததைப் பற்றி ஆன்சிபிளுக்குக் கவலையே இல்லை, நேற்று நீங்கள் எழுதியது அதற்கு ஞாபகமும் இருக்காது. போக வேண்டும் என்றால் அதற்கென ஒரு டாஸ்க் எழுதி, ஸ்டேட் என்ற இடத்தில் 'ஆப்சென்ட்' போட்டு ஒரு தடவை ஓட்ட வேண்டும், பிறகு அழிக்கலாம். இதைச் சொல்லி முடிக்கும்போதுதான் பஸ் மடிவாளாவுக்கு வந்து சேர்ந்தது. நடந்தே வந்திருந்தால் சேஞ்சுடு=0 வருவதற்கு முன்னாலேயே ரூமில் இருந்திருப்பேன்.