முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டு), முதல் வீடியோ: மதுரை ராக் பசங்க சறுக்கும் இடங்கள்

பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும் என்று எந்த பேண்ட் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பாட்டு முடிந்துவிட்டதா? "ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சுண்ணே" என்று பதில் வந்தால் கேமரா பையை விட்டு வெளியே வராது.

பிடிவாதம் இல்லை, ஒரு தடவை சூடு பட்டிருக்கிறேன். கையில் இருந்த டெமோவை, அதாவது பாட்டின் மாதிரிப் பதிவை, ஓடவிட்டு, நாகமலை அடிவாரத்தில் இரண்டு நாள் ஷூட் செய்தோம். டெமோவின் வேகம் 118 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 118 தாள அடி. அப்புறம் ஸ்டுடியோவில் டிரம்மருக்கு "கொஞ்சம் இழுவையா இருக்கே" என்று பட்டிருக்கிறது, 122-க்கு ஏற்றிவிட்டார். நாலுதானே என்று தோன்றும். நாலு நிமிடப் பாட்டில் அந்த நாலு, ஏறத்தாழ 8 விநாடி. முதல் பல்லவி முடிவதற்குள் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கடைசியில் வாய் தெரியாத ஷாட்டுகளாகப் பொறுக்கி, முதுகும் பனைமரமும் மலையுமாக ஒரு வீடியோ வெளிவந்தது. ரொம்பக் கலைநயமாக இருக்கிறது என்று சிலர் பாராட்டினார்கள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

மிக்ஸும் (எல்லா ஒலிகளையும் கலந்து சமன் செய்வது) மாஸ்டரும் (கடைசி மெருகு) முடிந்த ஃபைல்தான் ஷூட்டிங்குக்குப் போக வேண்டும். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய இன்னொரு விஷயம், நம்ம ஊர்க் குழுக்கள் அடிக்கடி கோட்டை விடுவது: சுருதி. ராக் பாட்டில் நாதஸ்வரமோ உறுமியோ சேர்க்க எல்லோருக்கும் ஆசை. மதுரையில் பிறந்தவனுக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் கிட்டாரில் கைக்கு வாகாக 'ஈ' (E) சுருதியில் பாட்டைப் போட்டு, எல்லாம் பதிவு செய்து முடித்த பிறகு நாதஸ்வரக்காரரைக் கூப்பிடுகிறார்கள். சுருதியை நாம் கட்டைக் கணக்கில் சொல்வோம்; 'ஈ' என்றால் மூன்று கட்டை. அவர் குழலோ இரண்டு கட்டை. அப்படி ஒரு பதிவில், குழலைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "தம்பி, உங்க கம்பியை இறக்கலாம். என் குழலை நான் என்ன செய்ய?"

அவ்வளவுதான் விஷயம். கிட்டாரின் எல்லாக் கம்பிகளையும் இரண்டு ஃபிரெட் அளவுக்கு இறக்கி டியூன் செய்தால் பாட்டு இரண்டு கட்டைக்கு வந்துவிடும். கம்பி தளர்ந்து அதிரும் என்பதால் கொஞ்சம் தடித்த செட் மாட்ட வேண்டும். பாடகருக்கும் உச்சத்தில் தொண்டை கிழியாது. இதைச் செய்யாமல், அவரை இரண்டு கட்டையிலேயே வாசிக்கவிட்டுக் கணினியில் மூன்றுக்கு ஏற்றுகிறார்கள். நாதஸ்வரத்தின் வாயில் பொருத்தும் சீவாளியின் அந்தக் காற்றுச் சத்தம் போய், பொம்மைக் குழல் மாதிரி ஆகிவிடும். உறுமிக்கு வேறு பிரச்சினை. அது இழுத்து இழுத்து உறுமும் இடமும் பேஸ் கிட்டாரின் இடமும் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் முழங்கினால் இரண்டும் கேட்காது. உறுமி பேசும்போது பேஸ் சும்மா இருக்கட்டும்.

மிக்ஸை ஸ்டுடியோ ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். போன் ஸ்பீக்கரில் போடுங்கள், முடிந்தால் ஒரு ஷேர் ஆட்டோவில் போட்டுக் கேளுங்கள். சத்தத்தை உச்சத்துக்கு நசுக்கியும் லாபமில்லை. ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கித்தான் ஒலிபரப்பும். நசுங்கினது நசுங்கினதுதான்.

சரி, ஷூட்டிங். ஸ்லோமோஷனில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். தலைமுடி பறக்க, தண்ணீர் தெறிக்க, பாடகர் மெதுவாகப் பாட வேண்டும். விநாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டினால் எல்லாம் பாதி வேகமாகும், வாயசைவும் சேர்ந்து. அதனால் அந்த ஷாட்டுக்குப் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாட வேண்டும். கார்ட்டூன் மாதிரி கேட்கும், பசங்க சிரித்துக்கொண்டே இருப்பார்கள், பத்து டேக் அதிலேயே போகும். இரட்டை வேக ஃபைலை முந்தின வாரமே கொடுத்து, வீட்டில் பாடிப் பழகச் சொல்லுங்கள்.

பாடகர் வாயை மட்டும் அசைத்தால் போதாது. உண்மையாகவே கத்திப் பாட வேண்டும். கழுத்து நரம்பு பொய் சொல்லாது. டிரம்மரும் முழு பலத்தோடு அடிக்க வேண்டும், ஆனால் பாட்டும் காதில் விழ வேண்டும். ஸ்னேருக்குள் துணி அடைத்து, கிக் டிரம்முக்குள் தலையணை வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கட்டும். ஒலி ஒரு விநாடிக்குப் போவது சுமார் 340 மீட்டர். ஸ்பீக்கர் கீழே, பேண்ட் 34 மீட்டர் தள்ளிப் பாறை மேல் என்றால், பாட்டு அவர்களை அடையவே பத்தில் ஒரு விநாடி தாமதம். டிரம் குச்சி விழும் ஷாட்டில் அது பளிச்சென்று தெரியும். வைட் ஷாட்டில் ஸ்பீக்கர் தெரிகிறதே என்றால் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒளித்துவையுங்கள்.

திருவிழாச் சீரியல் லைட்டுக்கு முன்னால் எடுக்கிறவர்கள் ஷட்டர் வேகத்தை விநாடியில் 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கில் வையுங்கள். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் 60-இல் ஒரு பங்கில் இருந்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடும்.

லொகேஷனுக்கு வருவோம். கோபுரம், அரிவாள், காளை, ஜிகர்தண்டா. மதுரை என்றதும் சினிமா சொல்லிக்கொடுத்த இந்த நாலையும் நாமே ஏன் திரும்ப எடுக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கே அனுமதி கிடையாது. திருமலை நாயக்கர் மஹால் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. கீழக்குயில்குடிச் சமணர்மலையின் பேச்சிப்பள்ளமும் செட்டிப்புடவும் மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை. டிரம் செட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்றுவிட்டுக் காவலரிடம் "அஞ்சே நிமிசம்ணே" என்று கெஞ்சுவதைவிட, முறைப்படி எழுதி அனுமதி வாங்குங்கள். நாளாகும், அந்த நாளையும் கணக்கில் வையுங்கள். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் ட்ரோன் எடுப்பவர்கள் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். சித்திரைத் திருவிழா வாரத்தில் தேதி குறித்தால் வேனே ஊருக்குள் வராது.

ஓகே கோ என்ற அமெரிக்க ராக் குழு 2006-இல் வெளியிட்ட வீடியோவில் இருந்தது எட்டு டிரெட்மில்லும் நாலு ஆட்களும்தான். அவற்றின் மேல் ஆடியபடியே ஒரே ஷாட். பாடகரின் சகோதரி டிரிஷ் சீ நடனம் அமைத்தார். 17 தடவை எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு கிராமி விருது வந்தது. இதைப் பார்த்து டிரெட்மில் வாடகைக்குத் தேடாதீர்கள். செல்லூரில் ஒரு தறிக் கூடத்தின் சடக்சடக்கைப் பாட்டின் தாளத்தோடு பொருத்தி, தறிகளுக்கு நடுவே பேண்டை நிறுத்தினாலே ஒரு வீடியோ இருக்கிறது. உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமை திறந்துவிட்டால் போதும்.

எடிட்டில் முதல் 40 விநாடி மேகமும் டைட்டிலும் வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. ஆடியோவிலும் அந்த நீள முன்னுரையைக் குறையுங்கள்.

வெளியிடும்போது இரண்டு விஷயம். யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ரிலீசுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள்தானே என்று விட்ட பேண்டுகள், பாட்டு ஓடிய பிறகுதான் உடைகின்றன. ஓடாத பாட்டுக்கு யாரும் சண்டை போடுவதில்லை. இன்னொன்று, பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுக்கும்போது, உங்கள் பாட்டை யார் பயன்படுத்தினாலும் தானே கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடி பெட்டியை டிக் செய்தால் உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். மறந்தால் உங்கள் பாட்டுக்கு உங்கள் சேனலிலேயே காப்புரிமைப் புகார் வரும். ரிலீஸ் ராத்திரி எனக்குப் போன் செய்து "அண்ணே, நம்ம பாட்டை நாமளே திருடிட்டோமாம்" என்று சொன்ன பையன் இப்போதும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறான்.