கல்லறைக் கல்லில் எண் மட்டும் இருந்தால்: பழைய பிரிட்டிஷ் ரெஜிமென்டைக் கண்டுபிடிப்பது

பாளையங்கோட்டையிலும் ஒட்டப்பிடாரம் பக்கமும் பழைய வெள்ளைக்காரர் கல்லறைகளைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது எண்ணில்தான். கல்லில் 74 அல்லது 77 என்று இருக்கும். இன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் அப்படி எண் போட்ட காலாட்படை கிடையாது. அந்த எண்களை 1881இல் எடுத்துவிட்டார்கள்.

கல்லைச் சுரண்டாதீர்கள், சுண்ணாம்போ சாக்கட்டியோ தேய்க்காதீர்கள். எழுத்து இன்னும் வேகமாக உதிரும். வெயில் சாய்ந்து விழும் காலை அல்லது மாலையில் போங்கள். இல்லாவிட்டால் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். 1800க்கு முந்தைய கல்லில் 'எஸ்' சில இடங்களில் 'எஃப்' மாதிரித் தெரியும். பெயரைத் தப்பாகப் படிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்து, எண்ணுக்கு முன்னும் பின்னும் இருக்கும் எழுத்துகள். 'எச்.எம்.' என்றால் அரசரின் படை. 'என்.ஐ.' அல்லது 'எம்.என்.ஐ.' என்றால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படை; அதிகாரி வெள்ளைக்காரர், சிப்பாய்கள் நம்மவர்கள். 'எச்.இ.ஐ.சி.' என்றால் கம்பெனி ஊழியம். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எண்ணைத் தேடினால் எல்லாம் கெட்டுவிடும்: அரசர் படையிலும் 3 உண்டு, மெட்ராஸ் சிப்பாய்ப் படையிலும் 3 உண்டு.

அரசர் படை என்று உறுதியானதும் ஆண்டைப் பாருங்கள். எண்களை நிலைநிறுத்தியது 1751ஆம் ஆண்டு ஆணை. அதற்கு முன் கர்னல் பெயரில்தான் ரெஜிமென்டைச் சொன்னார்கள். 70க்கு மேற்பட்ட எண்களில் கவனம் வேண்டும். சண்டை முடிந்தால் கலைப்பார்கள், அடுத்த சண்டைக்கு அதே எண்ணை வேறு படைக்குக் கொடுப்பார்கள். 1777இல் திரட்டிய 74ஆவது அமெரிக்காவில் போரிட்டுக் கலைந்தது; இந்தியாவுக்கென்றே 74, 75, 76, 77 என்று நான்கு படைகளைப் புதிதாகத் திரட்டியது 1787இல். இன்னும் வம்பு 73. ஹைதர் அலி காலத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் சண்டையிட்ட 73ஆவது ஹைலாண்டர்களுக்கு 1786இல் 71 என்று எண் மாறியது. அதற்குப் பின் கல்லில் வரும் 73 வேறு படை.

பிறகு 1881க்கு வாருங்கள். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் எண்களை எடுத்துவிட்டு மாவட்டப் பெயர்களைக் கொடுத்தார்கள். ஏற்கெனவே இரண்டு பட்டாலியன் (ரெஜிமென்டின் உட்பிரிவு) வைத்திருந்த முதல் 25 ரெஜிமென்டுகள் தனியாகவே நின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள். சிறிய எண் முதல் பட்டாலியன், பெரிய எண் இரண்டாவது. (நம் ஊர்ப் 'பட்டாளம்' இந்தப் பட்டாலியன்தான்.) 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்த 77ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 1881இல் 57உடன் சேர்ந்து மிடில்செக்ஸ் ரெஜிமென்ட், 1966இல் குயின்ஸ் ரெஜிமென்ட், 1992இல் பிரின்சஸ் ஆஃப் வேல்ஸஸ் ராயல் ரெஜிமென்ட். 74 போன வழி வேறு: 71உடன் சேர்ந்து ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரி, 1959இல் ராயல் ஹைலாண்ட் ஃபியூசிலியர்ஸ், 2006இல் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாண்டின் இரண்டாவது பட்டாலியன். 1950களின் கடைசியிலிருந்து 2007 வரை இப்படி அலை அலையாக இணைத்தார்கள். ஒரே தாவலில் இன்றைய பெயருக்குப் போகாமல், ஒவ்வொரு படியையும் ஆண்டோடு எழுதி வையுங்கள்.

சில கிளைகள் பாதியில் நின்றுவிடும். கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படை, கம்பெனி ஆட்சி முடிந்தபின் 102ஆவது ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் ஆகி, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. அயர்லாந்து பிரிந்ததால் அதை 1922இல் கலைத்தார்கள்.

ஆள் விவரம் வேண்டுமானால்: அரசர் படைச் சிப்பாய்க்கு லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 12 வரிசைச் சம்பளப் பட்டியல். அதிகாரியாக இருந்தால் அந்தந்த ஆண்டின் ராணுவப் பட்டியல். அடக்கப் பதிவுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் என்/2 வரிசை. அது மெட்ராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகள்.

கல்லில் 'என்.ஐ.' இருந்தால் 1881 கணக்கு செல்லாது. 1903இல் இந்தியாவின் தலைமைத் தளபதி கிச்சனர் மெட்ராஸ் படைகளின் எண்களோடு 60ஐக் கூட்டினார். ஆனால் 1824க்கு முந்தைய கல்லில் நேரடியாகக் கூட்டக் கூடாது. 1796 முதல் 1824 வரை ஒரு ரெஜிமென்டுக்கு இரண்டு பட்டாலியன். 1824இல் ஒவ்வொன்றும் தனி ரெஜிமென்ட் ஆனபோது எண்களை மறுபடி வகுத்தார்கள். முதலில் 1824 எண்ணைப் பிடித்துவிட்டு, அதற்குமேல் 60. எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது: 10ஆவது மெட்ராஸ் படை 10ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ் ஆகிவிட்டது.

இந்தக் கணக்கு நேராக வரும் இடம் நம் பாளையங்கோட்டைப் பெயரில்தான். 3ஆவது மெட்ராஸ் படையான பாளம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி, 1903இல் 63ஆவது ஆனது. 1922இல் அதையும் கலைத்துவிட்டார்கள்.