மோர் மாதிரி வெளுத்த ஹைட்ராலிக் ஆயிலை மீட்பது எப்படி?

ஐப்பசி பிறந்துவிட்டால் குன்னூரில் மேகம் ஷெட்டுக்குள்ளேயே வந்துபோகும். பகலில் மோல்டிங் மெஷின் ஓடி, அதை அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் ஆயில் டேங்க் சூடாகும். ராத்திரி ஆறும்போது பிரீதர் (டேங்குக்குள் காற்று போய்வரும் மூடி) வழியாக ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். அப்படித் தண்ணீர் கலந்துதான் எங்கள் 46 கிரேடு (கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) ஆயில் மோர் மாதிரி வெளுத்தது. பேரல் விற்கிற விலைக்குத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

முதலில், ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் கூலரைப் பாருங்கள். அதில் டியூப் ஓட்டை என்றால், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் திரும்ப வெளுக்கும். ஆயில் கருத்துக் கருகல் வாடை அடித்தால் மீட்க முயலாதீர்கள்.

மெயினை அணைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டு, கை பம்பால் ஆயிலைச் சுத்தமான பேரலுக்கு மாற்றுங்கள்.

நான் வழுக்கியது இதற்கடுத்த இடத்தில். "ரெண்டு நாள் சும்மா வை, தண்ணி தானா அடியில இறங்கிடும்" என்றார் கோயம்புத்தூர் நண்பர். அவர் ஊரில் இறங்கும். இங்கே ஒரு வாரம் ஆகியும் அசையவில்லை. 10 டிகிரியில் இந்த ஆயில், 60 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டி. நீர்த்துளி அதில் எப்படி இறங்கும்? உடனே, கிடந்த பழைய பேண்ட் ஹீட்டரை (சுற்றிக் கட்டும் பட்டை ஹீட்டர்) பேரலில் மாட்டினேன். உட்சுவரெல்லாம் தோசைக்கல் அடிப்பிடித்த மாதிரி கரி. சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் உள்ள சிலிக்கோன் பெல்ட் ஹீட்டர்தான் சரி. 60 டிகிரியில் ஒரு பகல் வைத்து, அணைத்து, பேரலை அசைக்காமல் ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் அடி வால்வைத் திறந்தால் முதலில் தண்ணீர், பிறகு கலங்கல், அப்புறம் தேன் நிறத்தில் ஆயில். (குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்காகக் கொதிக்கவிட்டே விரட்டப் பார்க்காதீர்கள். ஆயில் சீக்கிரம் கெடும்.)

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். படபடவென்று பொரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது; மறுபடி சூடாக்குங்கள்.

வடிகட்ட பனியன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். அதன் நூல் வால்வில் போய்ச் சிக்கும். 25 மைக்ரான், பிறகு 10 மைக்ரான் ஃபில்டர். டேங்கின் அடியையும் துடைத்துவிட்டே ஊற்றுங்கள். பிரீதரை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்ததாக மாற்றினேன். நிறம் மாறினால் ஜெல்லை மாற்ற வேண்டும்.

பின்சேர்க்கை: கோத்தகிரியிலிருந்து ஒருவர், எவ்வளவு சூடாக்கியும் பிரியவில்லை என்றார். விசாரித்தால், டேங்கில் ஆயில் குறைந்தபோது அந்தக் குறைக்கு இன்ஜின் ஆயில் ஊற்றி நிரப்பியிருக்கிறார். அதிலுள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது பிரியாது.

அடியில் வடித்த தண்ணீரை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார். அதில் ஆயில் இருக்கிறது, ஓடையில் விட்டால் நேரே பவானிக்குத்தான் போகும். மூடிய கேனில் சேர்த்து, கழிவு ஆயிலோடு உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி இதை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதனால் கேனில் தேதி எழுதி ஒட்டுங்கள்.