நால்வர் மேசையில் பதிலடி கார்டை எப்போது போடுவது? கமாண்டர் ஆட்டம் தொடங்குவோருக்கு

'மேஜிக்: த கேதரிங்' கார்டு ஆட்டத்தின் கமாண்டர் வகையை வழக்கமாக நான்கு பேர் ஒரே மேசையில் ஆடுவார்கள். ஆளுக்கு 40 உயிர், கமாண்டரையும் (டெக்கின் தலைமை உயிரினம்) சேர்த்து 100 கார்டு. அடிப்படை லேண்ட் (கார்டு போடச் செலவாகும் மானாவைத் தரும் நிலக் கார்டு) தவிர எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் கூடாது. இருவர் ஆட்டத்தில் பழகியவர்கள் இங்கே வந்ததும் சறுக்குவது பதிலடிக் கணக்கில்தான், அதாவது எதிராளியின் கார்டை அழிக்கும் அல்லது தடுக்கும் கார்டை எப்போது செலவழிப்பது என்பதில். அங்கே உங்கள் ஒரு கார்டு போனால் எதிராளியின் ஒரு கார்டும் போகும், சரிக்குச் சரி. இங்கே நீங்களும் அடிபட்டவரும் ஆளுக்கொன்று இழப்பீர்கள். வேடிக்கை பார்த்த இருவருக்கும் செலவில்லாத லாபம். "அதைச் சீக்கிரம் அழிங்க" என்று அவர்கள் உசுப்பேற்றுவதும் அதனால்தான். ஊரான் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே!

படி 1: டெக்கில் எத்தனை?

குறிபார்த்து அடிக்கும் அல்லது தடுக்கும் கார்டுகள் 10, மேசையையே துடைக்கும் கார்டுகள் 2 அல்லது 3 வையுங்கள். 10 வைத்தால் தொடக்கக் கையின் 7 கார்டில் ஒன்றாவது வர ஏறத்தாழ 54% வாய்ப்பு. ஐந்தாவது டர்னுக்குள் 12 கார்டு பார்த்துவிடுவீர்கள், அப்போது 74%. வெறும் 5 வைத்தால் அதே ஐந்தாவது டர்னில் 48%தான். பெரும்பாலானவை 1 அல்லது 2 மானாவில் முடிகிற இன்ஸ்டன்ட்டாக (யார் டர்னிலும் போடக்கூடிய கார்டு) இருக்கட்டும். பத்தும் உயிரினத்தை மட்டும் அழிப்பதாக இருந்தால் ஒரு என்சான்ட்மென்ட் (களத்திலேயே தங்கும் மந்திரக் கார்டு) வந்து உட்கார்ந்ததும் கையைப் பிசைய வேண்டியதுதான். பச்சை ஆடுபவர்கள் எதையும் அழிக்கும் 'பீஸ்ட் வித்இன்' ஒன்றைச் சேர்க்கலாம். பதிலுக்கு எதிராளிக்கு ஒரு 3/3 (தாக்கும் வலு 3, தாங்கும் வலு 3) மிருகம் கிடைக்கும், பரவாயில்லை.

படி 2: மானாவை ஒதுக்குங்கள்

முதல் மூன்று டர்ன் உங்கள் வளர்ச்சிக்குத்தான். அப்போதே லேண்டைச் செலவழிக்காமல் திறந்து வைத்துக் காத்திருந்தால் மூன்று பேரும் முந்திவிடுவார்கள். நான்காவது டர்னிலிருந்து பாதி பாதியாகப் பிரியுங்கள்: நான்கு லேண்டில் இரண்டை உங்கள் வேலைக்குச் செலவழித்து, இரண்டு நீல மானாவை, எதிராளி போடும் கார்டை (ஸ்பெல்) தடுக்கும் 'கவுன்ட்டர்ஸ்பெல்'லுக்கு விடுங்கள்.

படி 3: அடிப்பதற்கு முன் மூன்று கேள்வி

இதை விட்டால் அடுத்த சுற்றுக்குள் ஆட்டம் முடியுமா? இது குறிப்பாக என் திட்டத்தை முடக்குகிறதா? வேறு யாரும் இதைக் கவனிக்க மாட்டார்களா? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்றால் கையை எடுங்கள். எதிரே நிற்கும் 8/8 டிராகன் பக்கத்து ஆளைக் கடிக்கிறதென்றால் கடிக்கட்டும். ஆனால் 'ரிஸ்டிக் ஸ்டடி' சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். எதிராளிகள் ஸ்பெல் போடும்போது 1 மானா கூடுதலாகக் கட்டாவிட்டால் அதன் உரிமையாளர் ஒரு கார்டு எடுப்பார். மூன்று பேரும் கட்டினால் அது செத்த பாம்பு; ஒருவர் சோம்பல்பட்டாலும் மற்ற இருவர் கட்டியது வீண். எங்கள் கணக்கில் டிராகனைவிட இதுதான் முதல் குறி.

கமாண்டரை அழிப்பது தனி விஷயம். 'ஸ்வார்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ்' போட்டு நாடு கடத்தினாலும் (களத்திலிருந்தே அகற்றினாலும்) அதன் உரிமையாளர் அதைக் கமாண்டருக்கென்று உள்ள கமாண்ட் மண்டலத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை இறக்க 2 மானா கூடும், அவ்வளவே. அதனால் நேரம் பார்த்து அடியுங்கள். அதன்மேல் எதிராளி ஒரு ஆரா (உயிரினத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்சான்ட்மென்ட்) ஸ்பெல்லைக் குறிவைத்துப் போடும்போது, அது முடிவதற்குள் கமாண்டரை நீக்கினால் ஆராவும் வீணாகும். உங்கள் ஒரு கார்டுக்கு இரண்டு.

படி 4: யார் முதலில் பேச வேண்டும்?

புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இது. முறை வலஞ்சுழியாகச் சுற்றும். சீட் 1 (இப்போது டர்ன் ஆடுபவர்) ஆபத்தான ஸ்பெல் போட்டு வாய்ப்பைக் கைமாற்றினால், பதில் சொல்லும் வாய்ப்பு முதலில் சீட் 2க்கு, பிறகு 3க்கு, கடைசியில் 4க்கு. எல்லோரும் தொடர்ச்சியாகப் பாஸ் செய்தால் ஸ்பெல் நிறைவேறும். சீட் 2க்கு மறுவாய்ப்பு இல்லை.

சீட் 4இல் இருந்தால் வசதி: முன்னே இருவரும் கை விரித்த பிறகே உங்கள் கார்டைச் செலவழிக்க வேண்டும். சீட் 2இல் இருந்தால் பாஸ் செய்வது சூதாட்டம். 4இடம் நீல மானா திறந்திருக்கிறதா, கையில் எத்தனை கார்டு என்று பாருங்கள். அவர் லேண்டெல்லாம் செலவழித்துவிட்டிருந்தால் நீங்களே போட்டுவிடுங்கள். சீட் 4 தடுத்தால் வாய்ப்பு மறுபடி மேசையைச் சுற்றும். அவருடைய தடுப்பை சீட் 1 தடுக்க வந்தால், அப்போது உங்கள் கவுன்ட்டர் காவலுக்கு நிற்கும். "உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்று கேட்கலாம், பொய் சொல்லவும் விதி தடுக்கவில்லை.

படி 5: எதை அடிக்க வேண்டும் என்று தெரிந்து அடியுங்கள்

போட்டி மேசைகளில் அடிக்கடி பார்க்கும் ஜோடி: 'தாஸாஸ் ஆரக்கிள்', 'டெமானிக் கன்சல்டேஷன்'. மொத்தம் 3 மானா. ஆரக்கிள் களத்துக்கு வந்ததும் ஒரு ட்ரிக்கர் (தானே கிளம்பும் விளைவு) ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருக்கும் வரிசை) ஏறும்: களத்தில் தன் கார்டுகளின் விலையிலுள்ள நீல மானா குறிகளின் எண்ணிக்கை டெக்கில் மிச்சமுள்ள கார்டுகளுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வெற்றி. ஆரக்கிளைப் போட்டவர் அது நிறைவேறுவதற்குள் கன்சல்டேஷன் போட்டு, டெக்கில் இல்லாத ஒரு கார்டின் பெயரைச் சொல்வார். அந்தக் கார்டைத் தேடிப் புரட்டியதெல்லாம் நீங்குவதால் டெக் முழுவதும் காலி.

இங்கே ஆரக்கிளின்மேல் 'ஸ்வார்ட்ஸ்' போடுவது தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் செய்யும் தவறு. உயிரினம் போனாலும் ட்ரிக்கர் ஸ்டாக்கிலேயே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யம், டெக்கும் பூஜ்யம், சமம், அவர் ஜெயித்தார். 'ஸ்வான் சாங்' கையில் இருந்தால் ஆரக்கிள் வரும்போது பதற வேண்டாம், அது உயிரினத்தைத் தடுக்காது. கன்சல்டேஷன் வரட்டும், அதைத் தடுங்கள். எதிராளிக்கு ஒரு 2/2 பறவை கிடைக்கும், ட்ரிக்கர் வெறும் இரண்டு கார்டைப் பார்த்துவிட்டு அடங்கும். அதையும் தவறவிட்டு டெக் காலியாகிவிட்டால் மிஞ்சுவது இரண்டு வழி: ட்ரிக்கரையே தடுக்கும் 'ஸ்டைஃபிள்' போன்ற கார்டு, அல்லது அவரையே ஒரு கார்டு எடுக்க வைக்கும் இன்ஸ்டன்ட். காலி டெக்கிலிருந்து எடுக்க முயன்றதுமே, ட்ரிக்கர் நிறைவேறும் முன்பாக, அவர் தோற்றுவிடுவார்.