நடைப்பயிற்சி ஏன் பாதியிலேயே நின்றுபோகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது ஷூ வாங்கியாயிற்று. அலாரம் ஐந்து மணிக்கு. முதல் நாளே ஒரு மணி நேர நடை. நான்காம் நாள் குதிகால் வலிக்கிறது, அடுத்த வாரம் மழை, அப்புறம் ஊரில் ஒரு கல்யாணம். ஷூ மறுபடி அட்டைப்பெட்டிக்குள் போய்விடுகிறது.

இப்படி நிறுத்தியவர்கள் "எனக்கு மனவுறுதி கிடையாது" என்று தங்களையே நொந்துகொள்வதைக் கேட்டால் வருத்தமாக இருக்கும். ஓய்வே இல்லாமல் வீட்டையும் வேலையையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு உறுதி குறைவில்லை. எடுத்த எடுப்பிலேயே மலையளவு தூக்கியதுதான் தவறு.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். அதற்கு முன்பு, ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்தது. அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். காலையில் பால் வாங்கப் போகும் நடையும், பஸ் நிறுத்தத்துக்கு விரைந்து போவதும் சேர்த்திதான். வேகம் மட்டும் கொஞ்சம் வேண்டும்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதுவரை நடந்தே பழகாதவர் பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். இரண்டு வாரம் கழித்து ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணும் பலரை மிரட்டி உட்கார வைத்துவிடுகிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டோடு, 1965-இல் ஜப்பானில் அடிகளை எண்ணும் சிறு கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயருக்கே 'பத்தாயிரம் அடி அளவி' என்றுதான் பொருள். விற்பனைக்காக வைத்த பெயர் நாளடைவில் மருத்துவ விதிபோல ஆகிவிட்டது. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. தினமும் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் நடைபாதைகள் 8 கிலோமீட்டர் நீளம். நல்ல முயற்சி அது. ஆனால் முதல் நாளே கடைசி வரை போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. பாதியில் திரும்பினாலும் அது நடைதான்.

அடுத்த தவறு, நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பது. ஆறு மணிக்கு என்று வைத்தால் ஆறு மணிக்கு விருந்தாளி வருவார், கரண்ட் போகும், தண்ணீர் லாரி வரும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுங்கள். பிள்ளையை வேனில் ஏற்றியதும் தெருமுனை வரை ஒரு நடை. இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் மொட்டை மாடியில் பத்து நிமிடம். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவதுதான் நமக்கு மிகவும் பொருத்தம். சோறோ இட்லியோ சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரம் அது. இயங்கும் தசை, இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே அந்தச் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த பெரிய ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் இன்னும் 13.6 கோடி. இந்தப் பத்து நிமிடம் அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால்? 'விட்டுடுச்சு, இனி அடுத்த மாதம் ஒண்ணாம் தேதியிலிருந்து' என்பார்கள். மண்டலக் கணக்கில் மருந்து சாப்பிட்டுப் பழகிய ஊர் நம்முடையது. இடையில் அறுந்தால் எல்லாம் வீண் என்ற எண்ணம் மனசுக்குள் ஊறியிருக்கிறது. பழக்கம் அப்படி உருவாவதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு புதுச் செயல் தானாக வரும் அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் தரவில்லை. எனவே மறுநாள் வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.

எடைக்கருவியை மட்டும் நம்புவது இன்னொரு தவறு. எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் 120, 140 கலோரி செலவாகும். பூங்கா வாசலில் ஒரு பெரிய மெதுவடை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு மாதத்தில் எடை குறையவில்லை என்று நடையை நிறுத்துகிறவர்கள், அதே மாதத்தில் தூக்கமும் ரத்த அழுத்தமும் மேம்பட்டிருப்பதைக் கவனிக்காமலே போகிறார்கள்.

நடை மட்டும் போதும் என்றிருப்பதும் சரியல்ல. முப்பது வயதைத் தாண்டினால் தசை மெல்ல மெல்லக் கரைகிறது. முன்பு தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுக் கையூன்றாமல் எழுந்தார்கள். இப்போது டைனிங் டேபிள், சோபா. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, அதன் கைப்பிடியைப் பிடிக்காமல் பத்து முறை எழுந்திருங்கள். குக்கர் விசில் வரும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். வயதான காலத்தில் குளியலறையில் விழாமல் காப்பது இந்தக் கால்கள்தான்.

கடைசியாகச் சொல்லும் இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. பல பூங்காக்களில் கூழாங்கல் பதித்து எட்டு வடிவ நடைபாதை போட்டிருக்கிறார்கள், வெறுங்காலோடு நடக்கிறார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் அதில் இறங்கவே கூடாது. கல் கிழித்தது தெரியாமலே புண் வளர்ந்துவிடும். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறதா? 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துவிட்டு மறுநாளும் நடக்கப் போகாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி இசிஜி எடுக்க வேண்டும். உட்கார்ந்த பிறகும் வலி விடவில்லை என்றால், அல்லது தாடைக்கோ இடது கைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், வீட்டுக்கு நடந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.