அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு: சேருவதற்கு முன்பே நேர்ந்துவிடும் தவறுகள்

தமிழில் ‘சான்றிதழ்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். பயிற்சியை முடித்தவருக்குக் கல்லூரி கொடுக்கும் தாளும் சான்றிதழ்தான். கல்லூரியைச் சாராத ஓர் அமைப்பு தானே தேர்வு நடத்தி, தேறியவருக்கு வழங்கும் தொழில்தகுதியும் சான்றிதழ்தான். அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டென்ட், அதாவது கிளினிக்கில் மருத்துவருக்கு உதவும் பணியாளர், வேலைக்குப் படிக்க நினைக்கும் நம்மவர்கள், குறிப்பாகக் கணவரின் வேலையை ஒட்டி அங்கே குடியேறி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் தமக்கென ஒரு வேலை தேடும் பெண்கள், முதலில் இடறுவது இந்தச் சொல்லில்தான். மாதக்கணக்கில் படித்து முதல் தாளைக் கையில் வாங்கிய பிறகே, கிளினிக்குகள் கேட்பது இரண்டாவதை என்று பலருக்குத் தெரியவருகிறது.

பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்குச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. வாஷிங்டன் மாநிலம் ஒரு விதிவிலக்கு. அங்கே மாநிலச் சுகாதாரத் துறையின் சான்றோ பதிவோ இன்றி இந்தப் பணியைச் செய்ய முடியாது. ‘சட்டமே கேட்கவில்லை, பிறகு தேர்வு எதற்கு?’ என்று மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் நினைப்பது இயல்பே என்றாலும், வேலைக்கு எடுப்பது சட்டம் அன்று, மருத்துவமனை நிர்வாகம். பல மருத்துவமனைக் குழுமங்கள் தேர்வில் தேறியவர்களையே எடுக்கின்றன, அல்லது சேர்ந்த சில மாதங்களுக்குள் தேற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன.

பரவலாக ஏற்கப்படும் தகுதிகள் நான்கு, ஒவ்வொன்றையும் ஒரு தனி அமைப்பு தேர்வு நடத்தி வழங்குகிறது: ஏ.ஏ.எம்.ஏ. வழங்கும் சி.எம்.ஏ., ஏ.எம்.டி. வழங்கும் ஆர்.எம்.ஏ., என்.எச்.ஏ. வழங்கும் சி.சி.எம்.ஏ., என்.சி.சி.டி. வழங்கும் என்.சி.எம்.ஏ. எல்லாத் தேர்வையும் எல்லாரும் எழுதிவிட முடியாது என்பதுதான் சேரும்போது எவரும் எடுத்துச் சொல்லாத செய்தி. சி.எம்.ஏ. தேர்வுக்கான முதன்மையான வழி, சி.ஏ.ஏ.எச்.இ.பி. அல்லது ஏ.பி.எச்.இ.எஸ். என்ற இரு அமைப்புகளுள் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடிப்பதாகும். இங்கே அங்கீகாரம் என்பது படிப்புக்கு உரியது, கல்லூரிக்கு உரியது அன்று. ‘எங்கள் கல்லூரி அங்கீகாரம் பெற்றது’ என்று சேர்க்கை அலுவலர் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். அதே கல்லூரியின் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு அந்த இரு அமைப்புகளின் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம். ஆகவே வீட்டுக்கு அருகில் எந்தக் கல்லூரி இருக்கிறது என்று தேடுவதற்கு முன், அருகிலுள்ள கிளினிக்குகளின் வேலை அறிவிப்புகள் பத்தைப் படித்து, அவை எந்தத் தகுதியைக் கேட்கின்றன என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் படிப்பைத் தேடுவதே சரியான வரிசை என்பேன். நேரடிப் பயிற்சியையும் அப்போதே விசாரிக்க வேண்டும். சி.ஏ.ஏ.எச்.இ.பி. அங்கீகாரமுள்ள படிப்பில் குறைந்தது 160 மணி நேரம் ஒரு கிளினிக்கில் நேரடிப் பயிற்சியாகப் பணிபுரிந்தாக வேண்டும். முழுக்க இணையவழி என்று விளம்பரம் செய்யும் படிப்பில் அந்த மணி நேரங்களுக்கு இடம் தேடித் தருவது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது.

இதைக் கவனிக்காததன் விலைக்குக் கொரிந்தியன் காலேஜஸ் நிறுவனமே சாட்சி. எவரெஸ்ட் என்ற பெயரில் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பை நாடெங்கும் நடத்திய அந்த இலாப நோக்கு நிறுவனம், வேலைவாய்ப்பு விகிதங்களைப் பொய்யாகக் காட்டியதற்காக அமெரிக்கக் கல்வித் துறை 3 கோடி டாலர் அபராதம் விதித்த அதே 2015 ஏப்ரலில், மிச்சமிருந்த வளாகங்களையெல்லாம் மூடியது. அதன் மாணவர்கள் 5,60,000 பேரின் கூட்டாட்சிக் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க 2022 வரை ஆனது. அந்தக் கல்லூரிகளும் அங்கீகாரம் பெற்றவைதான். அரசு நிதியுதவியில் நடக்கும் உள்ளூர் சமுதாயக் கல்லூரிகள் (கம்யூனிட்டி காலேஜ்) பெரும்பாலும் இவற்றைவிடக் குறைந்த கட்டணத்தில் இதே படிப்பை நடத்துகின்றன. அங்கே இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்பது மட்டுமே குறை.

பெயர்க் குழப்பமும் உண்டு. சி.சி.எம்.ஏ. என்பது நோயாளியின் இரத்த அழுத்தம் பார்ப்பது, இரத்தம் எடுப்பது, மருத்துவரின் மேற்பார்வையில் ஊசி போடுவது போன்றவற்றுக்கான தகுதி. அதே அமைப்பு வழங்கும் சி.எம்.ஏ.ஏ. வரவேற்பு, காப்பீடு, நேரம் ஒதுக்கல் போன்ற அலுவலகப் பணிக்கானது. போதாக்குறைக்குச் சில மாநிலங்களில் முதியோர் இல்லங்களில் மாத்திரை கொடுக்கும் உதவியாளரையும் சி.எம்.ஏ. என்றே சுருக்கி அழைக்கிறார்கள்.

மெடிக்கல் அசிஸ்டென்ட் செவிலியர் அல்லர்; ஊரில் செவிலியராக இருந்துவிட்டு வந்தவராயினும், அமெரிக்க உரிமம் இல்லாமல் தம்மை ‘நர்ஸ்’ என்று சொல்லிக்கொள்வது பல மாநிலங்களில் சட்டமீறல். கலிபோர்னியாவில் இவர்கள் நரம்பில் சொட்டு மருந்து ஏற்றத் தொடங்கக் கூடாது. நோயாளியின் நிலையைத் தொலைபேசியில் தாமே மதிப்பிட்டு முடிவும் சொல்லக் கூடாது. இதே படிப்பு செவிலியர் படிப்பின் முதற்படி என்று நம்பிச் சேருவதும் தவறு. இதில் முடித்த பாடங்களைச் செவிலியர் கல்லூரிகள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. செவிலியராவதே குறிக்கோள் என்றால் அதற்குரிய முன்தகுதிப் பாடங்களில் நேரே சேருவது காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

வேலைவாய்ப்பு என்னவோ மெய்யாகவே நன்றாக இருக்கிறது. 2023 முதல் 2033 வரை இத்துறை 15 விழுக்காடு வளரும் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் கணித்தது. எல்லாத் தொழில்களுக்குமான சராசரி 4 விழுக்காடுதான். ஆனால் அதே பணியகக் கணக்கில் 2023 மே மாதத்தில் இவர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 42,000 டாலர். காலியிடங்கள் பலவும் இருப்பவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவதால் உண்டாகின்றன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கட்டணத்துக்காகக் கடன் வாங்குபவர் இந்தத் தொகையை முன்னால் வைத்துக்கொண்டு தவணையைக் கணக்கிடட்டும்.

எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கலாம். தனி வேலை அனுமதி அட்டை இன்றி ஊதியத்துக்குப் பணிபுரிய முடியாது. பட்டப்படிப்பைக் கட்டாயமாகக் கேட்காத வேலை இது என்பதால், இதைக் காட்டி எச்-1பி பெறுவதும் நடக்காது. அட்டை வருமுன் படிப்பையும் தேர்வையும் முடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள், தகுதிக்கும் காலாவதி உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்: சி.எம்.ஏ.வை 60 மாதங்களுக்கு ஒருமுறையும், சி.சி.எம்.ஏ.வை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் தொடர்கல்வி முடித்துப் புதுப்பிக்க வேண்டும்.