ஒரே செடியில் நான்கு நிறத்தில் மிளகாய்

தொட்டியில் வைக்க அழகான செடி தேடுகிறீர்களா? 'பொலிவியன் ரெயின்போ' மிளகாயை வளர்த்துப் பாருங்கள். கட்டைவிரல் நுனியளவு காய்கள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். முதலில் ஊதா, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. எல்லா நிறமும் ஒரே நேரத்தில் செடியில் இருக்கும்!

பத்து அங்குலத் தொட்டி போதும். தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நாற்று அரையடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் வெடித்துப் புதர் போல அடர்ந்து வரும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். தழைச்சத்து அதிகமானால் இலைதான் மண்டும், காய் குறையும்.

சாப்பிடலாமா? தாராளமாக. காரம் நன்றாகவே உண்டு, மணம்தான் கொஞ்சம் குறைவு. அதனால் எனக்கு வினிகரில் ஊறப்போடத்தான் பிடிக்கும். கண்ணாடிப் பாட்டிலில் பார்க்கவே அழகு.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அழகுச் செடியாக நர்சரியில் வாங்கினால், அப்போது இருக்கும் காய்களைச் சாப்பிட வேண்டாம். உணவுப் பயிருக்கு ஆகாத மருந்து அடித்திருக்கலாம். அவற்றைப் பறித்துப் போட்டுவிட்டு, புதிதாகப் பூத்துக் காய்ப்பதைச் சமையலுக்கு எடுங்கள். விதை போட்டு நீங்களே வளர்த்தால் இந்தக் கவலையே இல்லை.